கட்டிவைத்த படகும் அதன் எண்ணெயும்

தமிழ் பயிலும் மாணாக்கராகிய யாம் படகு என்ஜினின் எண்ணெயைப்பற்றிக் கட்டுரை வரையப் புகுந்தோமென்று கேட்டு நண்பர் சிலர் நகைத்தனர். நெய்தற்றிணையைப்பற்றி எழுதினாற் போதாதா, டீசலின் நாற்றமும் தமிழ்ப் பகுதியில் வீசவேண்டுமோ என வினவினர். நெய்தல் நிலத்தைப் பாட்டிற் காண்போர், அந்நிலத்து மக்கள் இன்று எதனை நம்பிக் கடலேறுகின்றனர் என்பதனையும் காணல் வேண்டுமென்பதே எமது விடை. முற்காலத்துப் பரதவர் காற்றையும் பாயையும் துடுப்பையும் நம்பினர்; இக்காலத்தவர் இரும்பினாலாகிய என்ஜினை நம்புகின்றனர். அவ்வென்ஜினோ தன் வயிற்றிற் கிடக்கும் சில லிட்டர் எண்ணெயை நம்பி நிற்கின்றது. அவ்வெண்ணெயில் நீர் எவ்வாறு புகுகின்றது, புகுந்தால் விளைவது யாது, அதனைத் தடுக்கும் வழி யாது என்பவற்றை ஆராய்ந்து, எமக்குத் தோன்றியதொரு கருத்தை ஈண்டுக் கூறுவாம்.

அக்கருத்து இது: மீன்பிடி தடைக்காலத்தில் விசைப்படகைக் கட்டிவைக்கும் நாளிலேயே பழைய எண்ணெயை வடித்துப் புதிய எண்ணெய் வார்த்துவிடல் வேண்டும். தடை நீங்கிக் கடலேறும் நாளுக்கு முன் மாற்றிக்கொண்டாற் போதுமென எண்ணுவது தவறு.

தடைக்காலம் இன்னதென்பதைக் கடற்கரையை அறியாத தோழர் பொருட்டுச் சிறிது விளக்குவாம். மீனினம் முட்டையிட்டுப் பெருகும் காலத்தில் விசைப்படகுகள் கடலேறுதல் கூடாதென்னும் விதி நம் மாநிலத்தில் 2001-ஆம் ஆண்டு தொடங்கி நடைபெறுகின்றது. முதலில் 45 நாளாக இருந்தது. பின்னர் 61 நாளாக நீட்டப்பட்டது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் படகுகள் துறையிற் கட்டிக் கிடக்கும். கன்னியாகுமரி மாவட்டத்தில் இவ்விரு கரைகளும் உள. சின்னமுட்டத்துப் படகுகள் கோடையிற் கட்டப்படும்; குளச்சற் படகுகள் தென்மேற்குப் பருவமழையின் நடுவிற் கட்டப்படும். வலை முடைதலும், பலகை மாற்றுதலும், வண்ணம் பூசுதலும் இந்நாட்களில் நடைபெறும். புறத்தே தெரியும் பலகைக்கு இத்துணைச் சிரத்தை காட்டும் உடையவர், அகத்தே மறைந்துகிடக்கும் எண்ணெயைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர்.

அம்மறதியின் விலையை யாம் நேரிற் கண்டதுண்டு. தடை நீங்கிய முதல் வாரத்தில் தென்கடற்றுறையொன்றில் நின்றிருந்தோம். கடலேறிச் சென்ற விசைப்படகொன்று மற்றொரு படகின் கயிற்றில் இழுபட்டுத் துறைக்கு வந்து சேர்ந்தது. நடுக்கடலில் என்ஜின் இறுகி நின்றுவிட்டதாம். என்ஜினறையிற் குனிந்த மெக்கானிக், எண்ணெயின் அளவு காட்டுங் கோலை உருவி மேலே நீட்டி, “பாலூத்துன காப்பி மாதிரி இருக்கு, பாருங்க அண்ணாச்சி” என்றார். உடையவர் திகைத்து, “ரெண்டு மாசமா என்ஜினத் தொடவே இல்லையே, தண்ணி எப்படிப் போச்சு?” என்று வினவினார். “தடைக்கு முன்னமே பம்பு சீல் கசிஞ்சிருக்கு அண்ணாச்சி. கட்டுன அன்னைக்கே எண்ணெய வடிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்” என்பது மெக்கானிக் தந்த விடை. கடலேறும் அவசரத்தில், எண்ணெயைப் பிறகு பார்த்துக்கொள்வோமென விட்டிருந்தனராம். இரண்டு திங்கள் வருவாயின்றிக் காத்திருந்த அப்படகின் ஆட்கள், முதல் வாரத்துக் கூலியுமின்றிக் கரையிலமர்ந்திருந்த காட்சி எம் நெஞ்சை விட்டகலவில்லை. இக்கட்டுரை அன்று தோன்றியதே.

நம் கடற்கரைக்கு என்ஜின் வந்து ஒரு நூற்றாண்டு ஆகவில்லை. ருடால்ப் டீசல் என்னும் ஜெர்மானிய அறிஞர் தமது என்ஜினை ஆக்ஸ்பர்க் நகரிற் செவ்வனே இயக்கிக் காட்டியது 1897-ஆம் ஆண்டில். 1912-ஆம் ஆண்டில் டென்மார்க்கில் ஆகிய ‘செலாண்டியா’ என்னும் கப்பல் டீசல் என்ஜினால் மாகடல் கடந்தது. நம் பக்கத்து மீனவர்க்கு இவ்வாற்றல் எட்டியது, நார்வே நாட்டின் துணையோடு 1953-ஆம் ஆண்டிற் கொல்லத்தையடுத்த நீண்டகரையிலே தொடங்கப்பட்ட இந்திய-நார்வேத் திட்டத்தின் பின்னரேயாம். அக்காலத்திற் குமரிப் பகுதியும் நீண்டகரை அடங்கிய திருவிதாங்கூர்-கொச்சி இராச்சியத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது. அப்பாற் சில பத்தாண்டுகளுள் விசைப்படகு எங்கும் பரவிற்று. பாயைக் கட்டவும் காற்றை அறியவும் தந்தை மகற்குக் கற்பித்த கல்வி பல தலைமுறையாக வந்தது. என்ஜினைப் பேணுங் கல்வியோ இன்னும் அவ்வாறு வேரூன்றவில்லை. இதனை மீனவரது குறையென்று சொல்லுதல் தகாது. காலம் போதவில்லையென்பதே உண்மை.

இனி எண்ணெயின் தொழிலைக் காண்போம். என்ஜினின் அடியிலுள்ள தொட்டியிலிருந்து பம்பினால் ஏற்றப்படும் எண்ணெய், சுழலுந் தண்டிற்கும் அதனைத் தாங்கும் பேரிங்குகளுக்கும் இடையே மெல்லிய படலமாகப் பரவி நிற்கின்றது. இரும்பு இரும்பைத் தொடாதபடி காப்பது அப்படலமே. அஃது உராய்வைக் குறைப்பதோடு, வெப்பத்தைச் சுமந்து செல்லும். கரியையும் அழுக்கையும் தன்னுள் ஏந்திப் பில்டருக்குக் கொண்டுபோகும். இரும்பின் மேற் படிந்து துருவையும் தடுக்கும். இந்நான்கு தொழிலையும் ஒருங்கே கெடுக்கவல்ல பகை நீரேயாகும்.

எண்ணெய்க்குள் நீர் புகும் வாயில்கள் பல. கடற்காற்றின் ஈரமே முதற்காரணமென்று பொதுவாகக் கருதுகின்றனர். என்ஜின் ஓடிச் சூடேறிப் பின் குளிருங்கால், உள்ளிருக்குங் காற்று சுருங்கிப் புறத்து ஈரக்காற்றை மூச்சுக்குழாய் வழியே இழுத்துக்கொள்ளும். இரவிற் குளிர்ந்த இரும்பின்மேல் அவ்வீரம் பனித்துளிபோற் படியும். இஃது உண்மையே. ஆயினும் இதன் அளவை நோக்கல் வேண்டும். 30 பாகை வெப்பத்தில் நீராவி நிறைந்த காற்று ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 30 கிராம் நீரையே தாங்கும். என்ஜினின் வயிற்றிலுள்ள வெற்றிடமோ ஒரு கன மீட்டரிற் சிறுபங்கு. ஆகவே ஓரிரவிற் படிவன சில துளிகளே. 61 இரவுகளில் அத்துளிகள் திரளுமென்பது மெய்; எனினும் காற்றின்மேற் பழியைப் போட்டுவிட்டு மற்ற வாயில்களைக் காணாது விடுதல் ஆகாது.

இரண்டாம் வாயில் டீசல் எரிவதே. நெருப்பு நீரைத் தருமோ என வியப்பாருமுளர். டீசலில் உள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்ஸிஜனோடு கூடி நீராவியாகின்றது. 1 லிட்டர் டீசல் எரியுமாயின் ஏறத்தாழ 1 லிட்டர் நீர் உண்டாகும். இதிற் பெரும்பகுதி புகையோடு வெளியேறிவிடும். சிறுபகுதி பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழே எண்ணெய்த் தொட்டிக்கு இறங்கும். படகு சுமையோடு நெடுநேரம் ஓடி, எண்ணெயும் 80 பாகைக்கு மேற் சூடேறி நிற்குமாயின், இவ்வீரம் ஆவியாகி மூச்சுக்குழாய் வழியே போய்விடும். சிறிது நேரம் ஓடி, சூடேறுமுன் நிறுத்தப்படும் என்ஜினில் அது போக வழியின்றித் தங்கிவிடும்.

மூன்றாம் வாயிலே கொடியது, அது கசிவு. என்ஜினைக் குளிர்விக்கும் நீர் எண்ணெயின் வழியினின்றும் ஒரு மெல்லிய தடுப்பினாலேயே பிரிக்கப்பட்டிருக்கின்றது. ஹெட் கேஸ்கட் எரிந்தாலும், எண்ணெயைக் குளிர்விக்கும் ஆயில் கூலரின் குழாய் அரிக்கப்பட்டாலும், என்ஜினோடு இணைந்த கடல்நீர்ப் பம்பின் சீல் தேய்ந்தாலும் நீர் எண்ணெய்க்குள் வந்துவிடும். இத்தகைய பம்புகள் பலவற்றில் நீர்ப்பக்கத்துச் சீலுக்கும் எண்ணெய்ப்பக்கத்துச் சீலுக்கும் இடையே சிறு துளையொன்று விடப்பட்டிருக்கும். அத்துளையினின்றும் நீர் சொட்டுமாயின், சீல் கெட்டதென்று என்ஜின் நமக்கு அறிவிக்கின்றதென்க. சொட்டுகின்றதே எனச் சினந்து அத்துளையை அடைப்பவர், நீரை எண்ணெய்க்குள் தாமே அனுப்புபவராவர். இவையன்றி, மேல்நோக்கி நிற்கும் புகைக்குழாயை மூடாது விட்டால் மழைநீர் அதன் வழியே இறங்குதலும், படகின் அடியில் ஊறிய நீர் மிகுந்து என்ஜினைத் தொடுதலும், எண்ணெய் வார்க்கும் பாத்திரத்தில் ஈரமிருத்தலும் உண்டு.

புகுந்த நீர் செய்யுந் தீங்கு மூவகைப்படும். முதலாவது, சுமைதாங்கும் எண்ணெய்ப் படலம் வலியிழத்தல். நீர்த்துளி அகப்பட்ட இடத்தில் இரும்பும் இரும்பும் முட்டும், பேரிங் தேயும். இரண்டாவது, எண்ணெயிற் சேர்க்கப்பட்ட காப்புப்பொருள்கள் சிதைந்து சேறுபோலாகிப் பில்டரை அடைத்தல். மூன்றாவது, அமிலம். டீசலிலுள்ள கந்தகம் எரிந்து உண்டாகும் வாயு ஈரத்தோடு கூடிக் கந்தக அமிலமாகும். எண்ணெய் தானே பழுதுறுதலாலும் வேறு அமிலங்கள் பிறக்கும். இவற்றை எதிர்க்கவே எண்ணெயிற் காரப்பொருள் சேர்க்கப்பட்டிருக்கின்றது. ஓட ஓட அது செலவழிந்துவிடும். 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நம் நாடெங்கும் விற்கப்படும் டீசலிற் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்கிற்கு மேற்படலாகாதென விதியுளது. முன்னர் அது பன்மடங்கு மிகுதி. இதனாற் கந்தக அமிலம் குறைந்ததென்பது மெய்யே. எரிவதாற் பிறக்கும் நீரோ ஒரு துளியுங் குறையவில்லை. கடல்நீரின் உப்பும் குறையவில்லை.

இப்பொழுது எமது கருத்திற்கு வருவோம். ஓடும் என்ஜினில் நீரும் அமிலமும் இருந்தாலும், புதிய புதிய எண்ணெய் ஒவ்வோரிடத்தையும் கழுவிக்கொண்டேயிருக்கும்; சூடும் ஈரத்தை ஓட்டும். நின்ற என்ஜினிலோ இவ்விரண்டு காவலும் இல்லை. எண்ணெய் மெல்ல மெல்லக் கீழே வடிந்துவிடும். நீர் எண்ணெயினும் கனமாதலின் தொட்டியின் அடியிற் போய்த் தங்கும். அமிலமேறிய பழைய எண்ணெயின் மெல்லிய பூச்சு பேரிங்கின்மேல் 61 நாளும் அசையாது கிடந்து அரிக்கும். ஓடிய நாட்களிற் செய்யாத கேட்டைப் பழைய எண்ணெய் ஓய்ந்த நாட்களிற் செய்கின்றது. அக்கேடு முடிந்தபின் புதிய எண்ணெய் வார்ப்பது, வெள்ளம் போனபின் அணை போடுவதற்கு ஒப்பாகும்.

வேறொரு காரணமும் உண்டு. அதுவே எமக்கு மிக வலியதாகத் தோன்றுகின்றது. எண்ணெயை வடிப்பது என்ஜினின் உட்புறத்தைக் காண்பதற்கொரு வாயில். கட்டிய நாளில் வடிக்கையில் நீர் கலந்திருத்தலைக் கண்டோமாயின், கசியும் இடத்தைத் தேடிச் செப்பனிட நமக்கு 61 நாள் உள. கடலேறும் நாளுக்கு முன்னாளிற் காண்போமாயின் ஓரிரவே உளது. அன்று மெக்கானிக்கை எல்லாரும் அழைப்பர், உதிரியுறுப்பு அகப்படாது, பக்கத்துப் படகுகள் புறப்படும், பொறுமை எவர்க்கும் இராது. குறையைக் கண்டும் “இந்த ஒரு நடை போய்வருவோம்” என்று எண்ணுவதற்கு அவ்விரவினும் ஏற்ற இரவு வேறில்லை.

இதற்கு உடையவர் கூறும் மறுப்பு ஒன்றுண்டு. “புதிய எண்ணெயை ஊற்றி இரண்டு மாதம் சும்மா வைத்தால் அதுவும் கெடும், கடலேறும்போது மறுபடியும் மாற்றவேண்டும், இருமடங்கு செலவாகும்” என்பர். செலவைப்பற்றிய அச்சம் இகழத்தக்கதன்று. வருவாயில்லாத இரண்டு திங்களின் தொடக்கத்திற் கையிலுள்ள பணத்தை எண்ணெய்க்குக் கொடுக்க மனம் வாராதென்பதை யாமும் அறிவேம். எனினும் கணக்கைச் சற்றுப் பார்த்தல் நலம். நாளொன்றுக்கு 15 மணி நேரம் ஓடும் படகில், 250 மணிக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுவதென்னும் பொதுவிதியைக் கொண்டால், ஏறத்தாழ 17 நாளுக்கு ஒருமுறை மாற்ற நேரும். ஆண்டு முழுதும் மாற்றுவனவற்றுள் ஒரு மாற்றத்தின் நாளையே யாம் முன்னே தள்ளச் சொல்லுகின்றோம். புதிதாக ஒன்றைக் கூட்டச் சொல்லவில்லை. கரி கலவாத புதிய எண்ணெய், மூடிய என்ஜினில் இரண்டு திங்கள் கிடப்பதாற் பழுதாவதில்லை. கடலேறும் நாளிற் கோலை உருவி நிறம் பார்த்து, வடிகால் திருகைச் சிறிது தளர்த்தி அடியில் நீர் நிற்கின்றதாவென நோக்கி, நீரில்லையாயின் அவ்வெண்ணெயோடே கடலேறலாம். மணிக்கணக்கை அன்று தொடங்கினாற் போதும். நீர் காணப்பட்டால் மட்டுமே மீண்டும் மாற்றுதல் வேண்டும். அவ்வாறு காணப்படுமாயின் அச்செலவு வீண்செலவன்று.

மற்றொரு வழக்கத்தையும் யாம் மறுக்கவேண்டியவராயிருக்கின்றோம். கட்டிக்கிடக்கும் நாட்களில், என்ஜினுக்கு உயிர் இருக்கவேண்டுமென்று வாரமொருமுறை ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்துவார் பலர். நல்லெண்ணத்தாற் செய்யப்படினும் இதனால் விளைவது தீங்கே. ஐந்து நிமிடத்தில் எண்ணெய் சூடேறாது, டீசல் எரிந்த நீர் உள்ளே இறங்கும், வெளியேறாது. ஒவ்வொரு வாரமும் சிறிது நீரைக் கூட்டியதே பயனாகும். ஓட்டுவதாயின் சுமையோடு எண்ணெய் நன்கு சூடேறும்வரை ஓட்டல் வேண்டும். இயலாதாயின் ஓட்டாதிருத்தலே நன்று. அதற்குப் பதிலாகப் புகைக்குழாயின் வாயைத் தகரத்தால் மூடுக. காற்றுப் புகும் வாயை எண்ணெய் தோய்ந்த துணியாற் பொதிக. அவ்வாறு மூடியதை மறவாதபடி இயக்குமிடத்திலே எழுதித் தொங்கவிடுக. மழைநடுவிற் கட்டப்படும் மேற்குக்கரைப் படகுகளுக்கு இக்காவல் இன்றியமையாதது.

எண்ணெய் வடிக்கும் முறையிலும் ஒரு நுட்பமுண்டு. என்ஜின் நின்று குளிர்ந்தபின் வடித்தால், அழுக்கு அடியிலும் ஓரங்களிலும் ஒட்டிக்கொண்டு தங்கிவிடும். கடைசிக் கடல்நடை முடிந்து துறைசேர்ந்த அன்றே, சூடு ஆறுமுன் வடித்தால் கரியும் ஈரமும் ஒருங்கே வெளிப்படும். பில்டரையும் அப்போதே மாற்றவேண்டும். பழைய பில்டரிற் பழைய எண்ணெய் தங்கியிருத்தலின், அதனை விட்டுவிடுதல் கழுவாத குடத்தில் நன்னீர் பிடிப்பதையொக்கும். புதிய எண்ணெய் வார்த்தபின் சிறிது நேரம் ஓட்டி, அஃது எல்லா உறுப்புக்களிலும் பரவியபின் நிறுத்துதல் முறை. இவ்வொரு முறை ஓட்டுதலை, மேலே யாம் மறுத்த வாராந்தர ஓட்டத்தோடு மயங்கற்க. வடித்த எண்ணெயைக் கடலிற் கொட்டாது கலத்திற் சேர்த்து ஒப்புவித்தல், கடலால் வாழ்வார்க்குக் கடமையென்பது சொல்லாமலே அமையும்.

தடைக்காலத்திற்கு அப்பாலும் நாடோறும் செய்யத்தக்கது ஒன்றுண்டு. அது விடியலில், என்ஜினை இயக்குமுன், கோலை உருவிப் பார்த்தல். அளவு குறைந்ததாவென்று மட்டும் பார்ப்பார் பலர். அளவு ஏறியிருத்தல் அதனினும் அஞ்சத்தக்கது. எண்ணெய் தானே பெருகாதாதலின், நீரோ டீசலோ உட்புகுந்ததென்பது தெளிவு. நிறம் பாலிட்ட காப்பிபோலிருந்தால் நீர். நிறம் மாறாது மெலிந்து டீசல் மணத்தால் டீசல். வார்க்கும் மூடியின் அடியில் மட்டும் சிறு வெண்ணுரை காணின், அது பெரும்பாலும் குளிர்ந்து படிந்த ஈரமாகும். கோலில் ஒன்றும் காணாதவரை அஞ்சவேண்டா. ஐயமுற்றால் எளியதொரு சோதனையுண்டு. நன்கு காய்ந்த தட்டின்மேல் ஒரு துளி எண்ணெயை விட்டு, முகத்தை அகற்றிநின்று கேட்டால், நீர் கலந்த எண்ணெய் தாளிக்குங் கடுகுபோற் பொரியும். தூய எண்ணெய் ஓசையின்றிப் பரவும். நன்னீரோ கடல்நீரோ என்னும் ஐயத்திற்கு, நன்னீர்த் தொட்டியின் அளவு குறைந்ததாவென நோக்கின் ஓரளவு விடை கிடைக்கும்.

கடல்நீர் புகுந்ததென்று கண்டபின் அவ்வென்ஜினை ஓட்டிப் பார்ப்பது பெரும்பிழை. கசிவை அடைத்து, எண்ணெயை வடித்து, பில்டரை மாற்றிப் புதியது வார்த்துச் சிறிது ஓட்டி, மீண்டும் வடித்து, பால்நிறம் முற்றும் நீங்கும்வரை இவ்வாறு செய்தல் வேண்டும். இதனை அன்றே செய்யின் என்ஜின் பிழைக்கும். ஒரு வாரம் கழித்துச் செய்யின் உப்பு தன் வேலையை முடித்திருக்கும். தடைக்கு உட்படாத நாட்டுப்படகுகளும் இவ்வாபத்திற்கு விலக்கல்ல. அவற்றின் புறத்தே தொங்கும் என்ஜின்களில், நீருள் அமிழ்ந்திருக்கும் கியர்ப்பெட்டியின் எண்ணெயில் விசிறித்தண்டின் சீல் வழியாக நீர் புகும். வலைநூல் அத்தண்டிற் சுற்றிச் சீலை அறுத்தல் அடிக்கடி நேர்வதாதலின், அவ்வெண்ணெயின் நிறத்தையும் நோக்கி வருதல் நலம்.

இத்துணையும் யார் செய்வது என்னும் வினா எஞ்சிநிற்கின்றது. உடையவர் கரையிலிருக்கின்றார், ஓட்டுநர் கடலிலிருக்கின்றார், மெக்கானிக் அழைத்தால் வருகின்றார். எல்லாரும் பொறுப்பாளராயிருக்கும் பொருளுக்கு ஒருவரும் பொறுப்பாளரல்லர். ஆகவே படகுதோறும் சிறு குறிப்பேடொன்று இருத்தல் வேண்டுமென்பது எமது துணிபு. நாள், ஓடிய மணி, எண்ணெயின் அளவு, நிறம், பார்த்தவர் பெயர் என ஐந்தே கட்டங்கள் போதும். நேற்றைய அளவு எழுதப்பட்டிருந்தாலன்றி இன்றைய அளவு ஏறிற்றென்பது எவர்க்குந் தெரியாது.

ஈண்டே தமிழ் மாணாக்கர்க்கு ஒரு பணி காத்திருக்கின்றது. என்ஜினோடு வரும் கைந்நூல் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கின்றது. அதனைப் படிக்கவல்லார் கடலேறுவதில்லை, கடலேறுவார் படிக்கவல்லரல்லர். ஆகவே அஃது உறை பிரியாமலே என்ஜினறையிற் கிடந்து எண்ணெய்க்கறை படுகின்றது. யாழ்ப்பாணத்திற்கு 1847-ஆம் ஆண்டு வந்து மானிப்பாயிற் பணியாற்றிய அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கி அச்சிட்டார். பிறநாட்டவராகிய அவர் உடற்கூற்றைத் தமிழிற் கூறமுடியுமென்று காட்டினாராயின், தமிழராகிய நாம் ஓர் என்ஜினின் கூற்றைக் கூறமுடியாதென்பது நாணத்தக்கது. பில்டர், கேஸ்கட், பம்பு, பேரிங் என்று துறையில் வழங்குஞ் சொற்களைத் துரத்தவேண்டுமென யாம் சொல்லோம். அவற்றிற்குப் பதில் எவரும் அறியாத புதுச்சொற்களைப் படைத்தால் நம் நூலும் ஆங்கில நூலைப்போல உறைபிரியாது கிடக்கும். வழங்குஞ் சொற்களைக் கொண்டு, செய்யத்தக்கதைச் செய்யத்தக்க முறையில், நல்ல தமிழில், பதினாறு பக்கத்தில் எழுதினாற் போதும். அறிவியல் பயிலும் நண்பர் பொருளைத் தரட்டும். துறையிலுள்ள மெக்கானிக்குகள் பிழைதிருத்தட்டும். மொழி பயிலும் யாம் எழுதுவோம். கல்லூரியின் ஒரு கோடை விடுமுறை இதற்குப் போதுமானது. அவ்விடுமுறையும் கிழக்குக்கரையின் தடைக்காலமும் ஏறத்தாழ ஒன்றியே வருகின்றன.

சிறிய எண்ணெய்க்கு இத்துணைப் பெரிய பேச்சோ என்று இன்னும் நகைப்பார்க்கு ஒன்று கூறி முடிப்போம். தரையில் என்ஜின் நின்றால் வண்டி வழியோரத்தில் நிற்கும். கடலில் என்ஜின் நின்றால் படகு நிற்பதில்லை, நீரோட்டம் இழுத்த வழியே போகும். பாக்கு நீரிணையில் 1974-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் வரையப்பட்ட எல்லைக்கோடு, விசையிழந்து மிதக்கும் படகிற்கு வழிவிடுவதில்லை. காற்றும் அலையும் மிகுந்த இரவிற் படகின் முகத்தை அலைக்கு நேராகத் திருப்பவும் விசை வேண்டும். அத்தகைய இரவில் எட்டுப் பேரின் உயிர் ஒரு பேரிங்கைப் பற்றியும், அப்பேரிங் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலத்தைப் பற்றியும் நிற்கின்றன.

திருமறையில் நம் ஆண்டவர் கூறிய பத்துக் கன்னியர் உவமையை நாம் சிறுவயது முதற் கேட்டிருக்கின்றோம். அவர்கள் பதின்மரும் உறங்கினர்; உறக்கம் குற்றமாகச் சொல்லப்படவில்லை. உறங்குமுன் எண்ணெயைப்பற்றி எண்ணினவர் ஐவர், எண்ணாதவர் ஐவர் என்பதே வேற்றுமை. நள்ளிரவிற் குரல் கேட்டபின் எண்ணெய் வாங்கப் போனவர்க்குக் கதவு அடைபட்டது. நம் துறைகளிற் படகுகள் உறங்கட்டும், மீன்கள் பெருகட்டும். அடுத்த முறை படகு கட்டும் நாள் வரும்போது, கயிற்றை முடிச்சிட்ட கையோடு வடிகால் திருகையும் கழற்றுமாறு, கடற்கரையினின்றும் வந்துள்ள நம் தோழர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டிற் சொல்வாராக.